பள்ளத்தூர் வீட்டு மீன்தொட்டி: அமோனியா பாதியாகக் குறைந்த மறுநாள் செத்த ஆறு மீன்கள்

செட்டிநாட்டில் மார்கழியில் வரும் பிள்ளையார் நோன்புக்கு முதல் நாள் தொட்டியைக் கழுவியிருக்கிறார்கள். நோன்பன்று காலையில் ஏஞ்சல் மீன் இரண்டும் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தன. சாயங்காலம் நோன்பு முடிக்கும் சடங்கான இழை எடுப்பதற்குள் மூன்று மோலிகள் போயின. இரவு ஒரு கோல்ட்ஃபிஷ். சொந்தபந்தமெல்லாம் கூடியிருந்த வீட்டில், பதினொரு வயதுப் பேரன் பட்டாலையில் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்தவன் சாப்பிடக்கூட எழுந்து வரவில்லை என்று ஆச்சி சொன்னார்கள்.

ஆச்சியிடமிருந்து எனக்கு ஃபோன் வந்தது அதற்கு அடுத்த நாள். "தம்பி, கடையில கேனிஸ்டர்னு ஒண்ணு சொல்றாக. இப்ப இருக்கிற ஃபில்டர் பத்தாதாம். பெரிசா ஒண்ணு வாங்கிப் போட்டுட்டா மிச்சம் உள்ளது பிழைச்சுக்குமா?"

காரைக்குடியில் நான் மீன் வளர்க்கத் தொடங்கிய நாளிலிருந்து என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். இந்த வீட்டு விவரத்தை முழுசாக எழுதி வைக்க ஒரு காரணம் உண்டு. இங்கே ஃபில்டர் சிறியதாக இருந்ததால் மீன் சாகவில்லை. இதைவிட மூன்று மடங்கு பெரிய ஃபில்டர் ஓடியிருந்தாலும் அந்த ஆறு மீன்களும் செத்திருக்கும்.

தொட்டி

2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம். கணக்குப்படி 56 லிட்டர். கூழாங்கல்லும் மேலே விட்ட இடைவெளியும் போகத் தண்ணீர் 45 லிட்டர். ஆவணியில் வாங்கியது. உள்ளே 18 மீன்கள்: கோல்ட்ஃபிஷ் ஐந்து, மோலி ஆறு, கப்பி நான்கு, ஏஞ்சல் இரண்டு, கண்ணாடியைத் துப்புரவு செய்யும் என்று வாங்கிய சக்கர் மீன் ஒன்று. கோல்ட்ஃபிஷ் ஒவ்வொன்றும் வாலை விட்டுவிட்டுப் பார்த்தாலே மூன்று அங்குலம். 45 லிட்டருக்கு இது மிக அதிகம். ஆனால் நம் ஊர் வீடுகளில் நான் பார்க்கிற தொட்டிகளில் பாதி இப்படித்தான் இருக்கின்றன, ஆகவே இதை விதிவிலக்காக நினைக்கவில்லை.

ஃபில்டர், உள்ளே மூழ்கி ஓடும் சிறிய பவர் ஃபில்டர். பெட்டியில் மணிக்கு 600 லிட்டர் என்று போட்டிருந்தது. அப்படியானால் தொட்டித் தண்ணீர் மணிக்குப் பதின்மூன்று தடவை அதன் வழியாகப் போய் வர வேண்டும். ஸ்பாஞ்சில் அழுக்கு ஏறி, மோட்டார் பழசாகி, அதில் பாதிதான் நிஜமாக ஓடியது என்று வைத்துக்கொண்டாலும் ஆறு சுற்றுக்குக் குறையாது. ஓட்டத்தில் குறை இல்லை.

ஆவணி, புரட்டாசியில் எல்லாம் நன்றாகத்தான் இருந்திருக்கிறது. வாரம் இரண்டு தடவை மோட்டாரைப் போட்டு, ட்யூபை விட்டு, பாதித் தண்ணீரை மாற்றிவிடுவார்கள். ஐப்பசியில் மழை பிடித்ததும்தான் பழக்கம் மாறியது. செட்டிநாட்டு வீட்டில் வளவின் நான்கு பக்கக் கூரையும் உள்வாசலை நோக்கிச் சரிந்திருக்கும். முதல் மழையில் ஓடு கழுவப்பட்ட பிறகு அண்டாவை வைத்துத் துணி கட்டிப் பிடித்துவிடுவார்கள். அந்தத் தண்ணீரைத்தான் ஆச்சி தொட்டிக்கும் ஊற்றச் சொல்லியிருக்கிறார்கள். "போர் தண்ணி உப்புக் கரிக்குது. வாயில்லாச் சீவன், நல்ல தண்ணியில இருக்கட்டுமேன்னுதான்." வாரம் இரண்டு குடம், ஏறக்குறைய 30 லிட்டர். அன்போடு செய்த காரியம். அங்கேதான் சிக்கல் தொடங்கியது.

செம்பருத்திக்கு வைத்திருந்த வாளி

நான் போனபோது தொட்டியில் போர் தண்ணீர் இருந்தது. விருந்தாளிகள் வந்ததில் அண்டாத் தண்ணீரெல்லாம் சமையலுக்குப் போய்விட, நோன்புக்கு முந்தைய நாள் பாதித் தண்ணீரை எடுத்துவிட்டு போர் தண்ணீரை நிரப்பியிருந்தார்கள். ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் கறுப்பு வருவது நிற்கும்வரை பிழிந்திருக்கிறார்கள்.

நல்ல வேளையாக, எடுத்த பழைய தண்ணீரில் ஒரு வாளியைச் செம்பருத்திச் செடிக்கு ஊற்றுவதற்கென்று பின்கட்டில் வைத்திருந்தார்கள். மீன் செத்த வீட்டில் பழைய தண்ணீர் கிடைப்பது அபூர்வம். எல்லாம் சாக்கடைக்குப் போன பிறகுதான் கூப்பிடுவார்கள். இரண்டையும் சொட்டு மருந்து டெஸ்ட் கிட்டில் பார்த்தேன். அமோனியா நிறம் அட்டையின் கடைசிக் கட்டத்தையும் தாண்டியதால், மாதிரியைக் கேன் தண்ணீரில் ஐந்து மடங்கு கலந்து மறுபடி பார்த்தேன்.

வாளித் தண்ணீர்: பிஹெச் 6.0, காரத்தன்மை (சேரும் அமிலத்தைத் தாங்கி, பிஹெச்சைச் சரியவிடாமல் பிடிக்கும் சக்தி) பூஜ்யம், மொத்த அமோனியா லிட்டருக்குச் சுமார் 20 மில்லிகிராம். தொட்டித் தண்ணீர்: பிஹெச் 7.7, மொத்த அமோனியா சுமார் 10. போர் தண்ணீர் மட்டும்: பிஹெச் 7.9, காரத்தன்மை லிட்டருக்குச் சுமார் 196 மில்லிகிராம். அண்டாவில் மிச்சமிருந்த மழைத்தண்ணீர்: காரத்தன்மை பூஜ்யம்.

அமோனியா தண்ணீரில் இரண்டு வடிவில் இருக்கும். அம்மோனியமாக இருக்கும்போது மீனுக்குப் பெரிய தொந்தரவு இல்லை. தனி அமோனியாவாக இருக்கும்போதுதான் செவுளைச் சுட்டுவிடும். எது எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது பிஹெச்சும் வெப்பமும். 25 டிகிரியில் பிஹெச் 6.0 என்றால் விஷ வடிவம் மொத்தத்தில் 0.06 சதவீதம்கூட இல்லை. 7.7 என்றால் 2.7 சதவீதம். பழைய தண்ணீரில் 20 மில்லிகிராம் இருந்தும் விஷம் 0.01 மில்லிகிராம்தான். கழுவிய பிறகு அமோனியா பாதியாகி 10க்கு வந்தது, விஷமோ 0.27 ஆகிவிட்டது. இருபத்துநான்கு மடங்கு. அதோடு ஒரே மணி நேரத்தில் பிஹெச் இவ்வளவு ஏறிய அதிர்ச்சியும் சேர்ந்து அடித்தது.

பேரனிடம் கேட்டபோது இன்னொரு விஷயம் வந்தது. (ஆச்சியைத்தான் அவன் ஆயா என்பான்.) "மோலியெல்லாம் ரெண்டு வாரமா நின்ன இடத்துலயே ஆடிக்கிட்டு இருந்துச்சுண்ணே. ஆயாகிட்டகூடக் காட்டினேன்." மோலி கடினமான, உப்புச் சாயலுள்ள தண்ணீருக்குப் பழகிய மீன். உப்பில்லாத மென்மையான தண்ணீரில் அது நீந்தாமல் நின்ற இடத்தில் உடம்பை நெளித்துக்கொண்டிருக்கும். பையன் சரியாகத்தான் பார்த்திருக்கிறான். அது என்ன அடையாளம் என்று சொல்லித்தர ஆளில்லை.

ஃபில்டருக்குள் என்ன நின்றுபோனது

தீனியை எடைபோட்டேன். பேரன் ஒரு வேளைக்குப் போடும் கை அளவு ஒரு கிராம். ஒரு நாளைக்கு மூன்று வேளை. பாக்கெட்டில் புரதம் 35 சதவீதம். மீன் பண்ணைக்காரர்கள் வைத்திருக்கும் கணக்கு ஒன்று உண்டு: தீனி எடை, புரதப் பங்கு, 0.092 மூன்றையும் பெருக்கினால் ஒரு நாளில் தண்ணீருக்கு வரும் அமோனியா நைட்ரஜன் கிடைக்கும். 3 கிராமுக்கு 97 மில்லிகிராம். 45 லிட்டரில் பிரித்தால், நாளொன்றுக்கு லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கு மேல்.

இதைத் தின்று நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுவது ஃபில்டர் ஸ்பாஞ்சில் ஒட்டியிருக்கும் பாக்டீரியா. ஃபில்டர் என்று நாம் காசு கொடுத்து வாங்குவது அதற்கு ஒரு குடியிருப்பைத்தான். வேலை செய்வது அது. அந்த வேலைக்கு அதற்கு இரண்டு பொருள் வேண்டும். ஒரு கிராம் அமோனியா நைட்ரஜனை மாற்ற 4.57 கிராம் ஆக்சிஜன், 7.14 கிராம் காரத்தன்மை.

இந்தத் தொட்டிக்கு அதைப் போட்டுப் பாருங்கள். ஆக்சிஜன் நாளொன்றுக்கு 443 மில்லிகிராம். 25 டிகிரியில் தொட்டித் தண்ணீர் முழுவதிலும் ஒரு நேரத்தில் கரைந்திருக்கக்கூடிய ஆக்சிஜனே 370தான். மீன் மூச்சு விடுவதற்கு முன்னால், பாக்டீரியாவுக்கு மட்டும் ஒரு நாளில் ஒரு தொட்டிக்கு மேல் ஆக்சிஜன் போகிறது. காரத்தன்மையோ நாளொன்றுக்கு லிட்டருக்கு 15 மில்லிகிராம் செலவு. போர் தண்ணீர் ஊற்றியவரை அந்தச் செலவுக்கு வரவு இருந்தது. மழைத்தண்ணீருக்கு மாறியதும் வரவு நின்றது. செலவு மட்டும் நடந்தது. காரத்தன்மை தீர்ந்தது, பிஹெச் சரிந்தது, பாக்டீரியா வேலையை நிறுத்தியது. மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீரும் கண்ணாடி மாதிரிதான் தெரிந்திருக்கும், ஏனென்றால் ஸ்பாஞ்ச் அழுக்கைப் பிடிப்பது நிற்கவில்லை.

வாளியில் கண்ட 20 மில்லிகிராமும் இதற்கு ஒத்துப்போகிறது. எதுவும் மாறாமல் வாரத்துக்கு 15 சேர்ந்து, 30 லிட்டர் மாற்றும்போது மூன்றில் ஒரு பங்கு தங்கிக்கொண்டே வந்தால் 20ஐ ஒட்டித்தான் நிற்கும்.

முதல் பத்து நாள்

புது ஃபில்டர் பேச்சை நான் எடுக்கவே இல்லை. மூன்று நாளைக்குத் தீனி கிடையாது என்று பேரனிடம் சொன்னேன். மீன் அதைத் தாங்கும். தினம் 40 சதவீதம் போர் தண்ணீரால் மாற்றம். பிஹெச் ஏற்கெனவே 7.7க்கு வந்துவிட்டதால் இது பாதுகாப்பு. (பழைய தண்ணீர் 6.0இல் அப்படியே இருக்கும் தொட்டிக்கு யாராவது கூப்பிட்டால் முதலில் அதே தன்மையுள்ள தண்ணீரால் அமோனியாவை இறக்கிவிட்டு, பிறகுதான் பிஹெச்சை மெதுவாக ஏற்ற வேண்டும். அவசரப்பட்டு ஆப்ப சோடாவைப் போட்டால் இந்த வீட்டில் நடந்ததேதான் நடக்கும்.)

மறுநாள் என் வீட்டுத் தொட்டியில் ஒரு வருஷமாக ஓடும் ஸ்பாஞ்ச் ஒன்றை, அதே தொட்டித் தண்ணீரில் முக்கிப் பையில் கட்டி ஸ்கூட்டரில் கொண்டுபோனேன். காயவிடக் கூடாது, குழாய்த் தண்ணீர் படக் கூடாது. பாட்டிலில் விற்கும் பாக்டீரியாவைவிட எனக்கு இதில்தான் நம்பிக்கை.

இரண்டாம் வாரம் அமோனியா இறங்கி நைட்ரைட் 2க்கு ஏறியது. நைட்ரைட் செவுள் வழியாக ரத்தத்தில் ஏறி ஆக்சிஜன் கொண்டுபோகும் சக்தியைக் கெடுக்கும். உப்பிலிருக்கும் குளோரைடு அதைச் செவுளிலேயே தடுக்கும். 45 கிராம் கல்லுப்பைக் கரைத்து ஊற்றினோம், மாற்றிய தண்ணீருக்கு ஏற்ப மறுபடியும். அதன் பிறகு ஒரு மீனும் சாகவில்லை.

எந்த ஃபில்டர்

அதற்கு அப்புறம்தான் ஆச்சியோடும் பேரனோடும் உட்கார்ந்து இதைப் பேசினோம். நெருக்கடியான சிறு தொட்டிக்கு ஃபில்டர் பார்க்கும்போது, மணிக்கு எத்தனை லிட்டர் என்பதற்கு முன்னால் நான் இரண்டு கேள்வி கேட்பேன். கரண்ட் போனால் உள்ளிருக்கும் பாக்டீரியா எத்தனை மணி நேரம் தாங்கும்? அதை யார் கையால் கழுவப்போகிறார்கள்?

கேனிஸ்டர் நல்ல பொருள். மீடியாவுக்கு, அதாவது பாக்டீரியா ஒட்டி வாழும் பொருளுக்கு, இடம் ஏராளம். ஆனால் அது தொட்டிக்கு வெளியே நிற்கும் மூடிய டப்பா. ஓட்டம் நின்றால் உள்ளே இருக்கும் கொஞ்சத் தண்ணீரின் ஆக்சிஜனைப் பாக்டீரியாவே சில மணி நேரத்தில் தீர்த்துவிடும், அழுகத் தொடங்கும், கரண்ட் வந்ததும் அந்த நாற்றத் தண்ணீர் முழுதும் தொட்டிக்குள் பாயும். பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்கு நிறுத்தினால் சாயங்காலம் வரும் ஊரில், அதுவும் இன்வெர்ட்டர் லைன் பட்டாலைக்கு இழுக்காத வீட்டில், இதை நான் சொல்ல மாட்டேன். திறந்து கழுவி மூடுவதும் பதினொரு வயதுப் பிள்ளைக்கோ எழுபதைத் தாண்டிய ஆச்சிக்கோ ஆகிற வேலையில்லை. ட்யூப் கழன்றால் 40 லிட்டர் ஆத்தங்குடிக் கல்லின் மேல்.

பின்பக்கம் தொங்கவிடும் ஃபில்டரில் தண்ணீர் அருவியாக விழுவதால் ஆக்சிஜன் நன்றாகச் சேரும். பல மாடல்களில் கரண்ட் போய் வந்தால் தண்ணீரைத் தானாக மேலே இழுக்காது. வீட்டில் ஆள் இல்லையென்றால் மோட்டார் வெறுமனே ஓடிக் காய்ந்துவிடும். கூழாங்கல்லுக்கு அடியில் தட்டு போடும் பழைய முறை, கல்லைக் கிளறிக்கொண்டே இருக்கும் கோல்ட்ஃபிஷ்ஷுக்குச் சரிப்படாது.

மேலே தட்டில் மீடியா அடுக்கும் டாப் ஃபில்டரை நான் கிட்டத்தட்டச் சொல்லியிருப்பேன். கரண்ட் போனால் தட்டில் இருக்கும் தண்ணீர் வடிந்துவிடும், மீடியா ஈரமாகக் காற்றில் நிற்கும், பாக்டீரியா பிழைத்துக்கொள்ளும். நம் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு குறைவு; இதைக் கடையில் கேட்பவர்கள் குறைந்துபோனதில் எனக்கு வருத்தம். ஆனால் தட்டின் துவாரத்தில் பஞ்சு அடைத்துக்கொண்டால் விளிம்பு வழியாகத் தரையில் வழியும். ஆச்சி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள்: "தரை போச்சுன்னா யாரு தம்பி பதில் சொல்றது?"

முடிவில் ஏர் பம்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் இரண்டு, தொட்டியின் இரண்டு மூலையில் ஒவ்வொன்று. ஒன்று நான் கொண்டுபோனது, இன்னொன்று புதிது. பழைய பவர் ஃபில்டரையும் கழற்றவில்லை. கோல்ட்ஃபிஷ் கழிவைப் பிடிக்கும் வேலை மட்டும் அதற்கு. அதை வாரா வாரம் எப்படிக் கழுவினாலும் கவலையில்லை, ஏனென்றால் பாக்டீரியா குடியிருப்பது இனி மற்ற இரண்டில். அந்த ஸ்பாஞ்சுகளுக்கு விதி வேறு: எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே நாலு பிழி, ஒரு வாரம் இடது, மறு வாரம் வலது, ஒரே நாளில் இரண்டையும் தொடக் கூடாது.

காற்றுக் குமிழ் தண்ணீரைத் தூக்கும்போதே மேல்பரப்பைக் கலைத்து ஆக்சிஜனைச் சேர்க்கிறது. மேலே சொன்ன 443 மில்லிகிராம் எங்கிருந்தாவது வர வேண்டுமே. மோட்டாரின் வாய் இல்லாததால் குட்டி மீனை இழுக்காது. கரண்ட் போனால் யுஎஸ்பியில் ஓடும் சின்ன ஏர் பம்பை அதே ட்யூபில் மாட்டிவிடலாம். அது இழுப்பது 2 வாட். 10,000 எம்ஏஎச் பவர் பேங்க்கில் 37 வாட் ஹவர் இருக்கும், சேதாரம் போனாலும் பதினைந்து மணி நேரத்துக்குப் பக்கம் ஓடும். பம்ப் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருந்தால் ட்யூபில் ஒரு வழி வால்வு கட்டாயம். இல்லையென்றால் கரண்ட் நின்றதும் தண்ணீர் பின்னோக்கி வந்து பம்ப்புக்குள் இறங்கும். எல்லாம் சேர்த்து 1,500 ரூபாய்க்குள் முடிந்தது. பர்மா தேக்குப் பெட்டகத்தின் மேல் பம்ப் வைத்ததில் ராத்திரி ரீங்காரம் கேட்டு ஆச்சிக்குத் தூக்கம் வரவில்லை. அடியில் ஒரு துண்டை நாலாக மடித்துப் போட்டதும் அடங்கியது.

கார்பன் பாக்கெட்டை எடுத்துவிட்டேன். அது அமோனியாவைத் தொடாது.

காரத்தன்மைக்கு, போர் தண்ணீர் மூன்று பங்கு, மழைத்தண்ணீர் ஒரு பங்கு. ஆச்சிக்கு மழைத்தண்ணீரை அறவே விட மனமில்லை, விட வேண்டியதும் இல்லை. கூடவே கழுவிய கிளிஞ்சல் ஒரு கைப்பிடியை நொறுக்கி, வலைப்பையில் கட்டி, குமிழ் வரும் இடத்தில் தொங்கவிட்டோம். தண்ணீர் அமிலமாகத் தொடங்கினால் அது கரைந்து கொடுக்கும், இல்லையென்றால் சும்மா கிடக்கும். வீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு ஆனதும் கிளிஞ்சல்தானே என்று ஆச்சி கேட்டார்கள். ஆமாம், ஆனால் அது சுட்டது. சுட்ட சுண்ணாம்பைத் தொட்டியில் போட்டால் ஒரு மணி நேரத்தில் எல்லாம் செத்துவிடும். சுடாத கிளிஞ்சல் மட்டும்.

மீன் கணக்கு

ஃபில்டர் செய்ய முடியாதது ஒன்று மீதி இருந்தது. பாக்டீரியா அமோனியாவை நைட்ரேட்டாக மாற்றி நிறுத்திவிடும். நைட்ரேட் தொட்டியிலேயேதான் தேங்கும். பழைய தீனிக் கணக்குப்படி அது நாளொன்றுக்கு லிட்டருக்கு 9 மில்லிகிராமுக்கு மேல். எந்த விலைக்கு ஃபில்டர் வாங்கினாலும் இந்த எண் மாறாது. தண்ணீர் மாற்ற வேண்டும், இல்லை மீனையும் தீனியையும் குறைக்க வேண்டும்.

மிஞ்சிய நான்கு கோல்ட்ஃபிஷ்ஷையும் பின்கட்டுச் சிமெண்ட் தொட்டிக்கு மாற்றலாம் என்றேன். 500 லிட்டர், நிழல் விழும் இடம், கொசுப் புழுவும் இருக்காது. பேரன் கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. இரண்டு இங்கே, இரண்டு அங்கே என்று முடிவாயிற்று. நெருக்கடி முழுதும் தீர்ந்துவிட்டதாக நான் சொல்ல மாட்டேன்; பிள்ளை விரும்பிப் பார்க்கிற தொட்டியாக இருக்க வேண்டும் என்பதையும் கணக்கில் எடுத்தேன். தீனி நாளொன்றுக்கு 1.2 கிராம், காலை ஒரு வேளை, சாயங்காலம் ஒரு வேளை. அதற்கென்று மருந்து பாட்டில் மூடி ஒன்றில் கோடு போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

சக்கர் மீனை நான் எடுத்துக்கொண்டேன். அது ஒரு அடிக்கு மேல் வளரும் சாதி. உறவினர் ஒருவர், "ஊரணியில விட்டாப் பிழைச்சுக்கும்" என்றார். பிழைத்துக்கொள்ளும், அதுதான் ஆபத்து. நம் ஏரி குளங்களில் பெருகி மற்ற மீனின் இடத்தைப் பிடித்துக்கொண்ட மீன் அது. ஊரணியில் ஒரு மீனைக்கூட விடக் கூடாது என்று அந்த முற்றத்திலேயே நின்று கொஞ்சம் உரக்கவே சொன்னேன்.

பிறகு

ஐந்தாம் வாரம் அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம். வாரம் ஒரு தடவை பாதித் தண்ணீர் மாற்றம். மாற்றுவதற்கு முன்னால் நைட்ரேட் 40 அளவில் நிற்கிறது. கணக்குப்படி 50ஐத் தாண்ட வேண்டும். மேலே வேரை இறக்கிவிட்ட மணி பிளாண்ட் ஒரு பங்கைக் குடிக்கிறது. பிஹெச் 7.5.

தை கடைசியில் காலையிலிருந்து சாயங்காலம்வரை கரண்ட் இல்லை. பேரன் பள்ளிக்கூடம் போவதற்கு முன்னால் பவர் பேங்க்கை மாட்டிவிட்டுப் போயிருக்கிறான். மறுநாள் காலை அமோனியா பூஜ்யம். மாசியில் யாரோ தெரியாமல் ஒரு வாரம் முழுக்க மழைத்தண்ணீரையே ஊற்றிவிட்டார்கள், பிஹெச் 7.2க்கு இறங்கி அங்கேயே நின்றது. பையில் கிளிஞ்சல் கண்ணுக்குத் தெரியக் குறைந்திருந்தது. இன்னொரு கைப்பிடி போட்டோம்.

பங்குனியில் மோலி குட்டி போட்டது. பதினான்கு குட்டிகள், ஸ்பாஞ்சின் மேல் மேய்ந்துகொண்டிருந்ததை வீடியோ எடுத்து அனுப்பினான். சித்திரை வெயிலில் தண்ணீர் 30 டிகிரியைத் தொடும், ஆக்சிஜன் குறையும், அதற்குள் இவற்றைப் பின்கட்டுத் தொட்டிக்கு மாற்ற வேண்டும் என்று சொன்னேன். "தெரியும்ணே, பத்து அங்க, நாலு இங்க. அப்ப தீனி எத்தனை கோடு?" என்று கேட்டான்.